சத்தமில்லாமல் ஒழுகும் காவிரி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தின் நெருக்கமான சந்துகளில், காவிரி நீர் வரும் நாளில் வீட்டு வேலை எல்லாம் அதைச் சுற்றித்தான். கீழ்த் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிய பிறகுதான் நிம்மதி. ஏற்றிய நீர் மறுநாளே பாதியாகிவிட்டால்? வீட்டுக்காரர் முதலில் சந்தேகப்படுவது குடியிருப்பவரை, அடுத்து மோட்டாரை. கழிவறையின் ஃப்ளஷ் டேங்க் தப்பித்துவிடுகிறது. குழாய் சொட்டினால் காதில் விழும். டேங்க் ஒழுகினால் நீர் பீங்கானை ஒட்டியபடி சத்தமின்றி இறங்கிவிடும்.

நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. போனாலும் ஒரு நாளில் 288 லிட்டர். ஏறக்குறைய இருபது குடம். அதுவும் எந்த நீர்? சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாக, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டு வருவது. 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்கள் அடிபட்டதும் இதே நீரின் பெயரால்தான். 2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது குடிநீர் வாரியம். ஃப்ளஷ் டேங்க்குக்கு யார் அபராதம் போடுவது?

கண்டுபிடிக்க வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். டேங்க்கில் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது. கோப்பையில் நீலம் தெரிந்தால் ஒழுகல் உறுதி. எங்கே என்பது அடுத்த கேள்வி. டேங்க்குக்கு வரும் நீரை மூடிவிட்டு, உள்ளே நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். அரை மணியில் மட்டம் இறங்கினால் அடியிலுள்ள வாஷர் குற்றவாளி. இறங்காமல் அப்படியே நின்றால் மிதவை சரியாக மூடவில்லை. மிஞ்சிய நீர் நடுவிலுள்ள வழிகுழாய் வழியே போகிறது.

வாஷரைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பு. காவிரியோடு போர்வெல் நீரும் கலக்கும் வீடுகளில் வாஷர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறும். தேய்த்துக் கழுவினாலே பல டேங்க்குகள் சரியாகிவிடும். ரப்பர் விறைத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துப்போவது நல்லது, அளவுகள் பலவிதம். மிதவையென்றால், வழிகுழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நீர் நிற்கும்படி தாழ்த்த வேண்டும். உள்ளே நீர் புகுந்து மூழ்கிய மிதவையைத் தூக்கி எறிய வேண்டும்.

தலைக்கு மேலே தொங்கிய, சங்கிலி இழுக்கும் பழைய இரும்பு டேங்க்கில் இந்தத் தொல்லை குறைவு. அதில் நீர் உள்குழாயின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறினால்தான் இறங்கும். கசிவதற்கு அடியில் வாஷரே இல்லை. பிரிட்டனில் இந்த முறைதான் விதியாக இருந்தது. 2001-ல் அடியில் திறக்கும் வால்வுகளை அனுமதித்தார்கள். ஒழுகும் கழிவறை அங்கேயும் இப்போது பிரச்னை.

தரை ஈரமானாலோ பக்கத்து வீட்டுச் சுவர் ஊறினாலோ விஷயம் வேறு. ஒவ்வொரு முறை ஃப்ளஷ் செய்த பின்னும் ஈரம் கூடுகிறதென்றால் கோப்பைக்குக் கீழே இணைப்பு விட்டிருக்கலாம். மேலே சிமென்ட் பூசுவது வீண். கோப்பையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், செலவும் பெரிது. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கிடும் வரிசை வீடுகளில் அந்தச் செலவு யாருடையது என்ற வாக்குவாதம் ஒழுகலைவிட நீளும். வாஷர் அப்படியல்ல. வீட்டுக்காரர் வரும்வரை காத்திருக்காமல் குடியிருப்பவரே வாங்கிப் போட்டுவிடலாம்.