கச்சான் ஐஸ்கிறீமும் ஒரு கனடா இயந்திரமும்

வீட்டில் ஐஸ்கிறீம் செய்வது மலிவு என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். பால், கிறீம், கித்துள் பாணி, மின்சாரம் ஆகியவற்றின் செலவைக் கூட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆயினும் கச்சான் ஐஸ்கிறீமை வீட்டில்தான் செய்ய வேண்டும் என்பதே என் கட்சி.

ரொறன்ரோவில் வாழும் தம்பி 2019 இல் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபோது, மேசையில் வைத்து இயக்கும் சிறிய ஐஸ்கிறீம் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தான். அங்கு மின்னழுத்தம் 120 வோல்ற், இங்கு 230. அதற்காக நாம் வாங்கிய மின்மாற்றி இயந்திரத்தை விடப் பாரமானது. (வெளிநாட்டு அன்பளிப்புகளின் இயல்பே இதுதான்.)

இயந்திரத்தின் சூட்சுமம் எளியது. கிண்ணத்தின் இரட்டைச் சுவர்களுக்கிடையே உறையும் திரவம் உண்டு. கிண்ணத்தை ஒருநாள் முழுவதும் உறைபெட்டியில் வைத்து, பின்னர் நன்கு குளிர்ந்த பாற்கலவையை ஊற்றினால், சுழலும் துடுப்பு ஓரத்தில் படியும் பனியைச் சுரண்டிக் கலக்கும். அரைமணி நேரம் போதும். கிண்ணம் அரைகுறையாக உறைந்திருந்தால் கிடைப்பது குளிர்ந்த பால் மட்டுமே. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மக்கள் பால்மாவுக்கு வரிசையில் நின்றனர். கடதாசித் தட்டுப்பாட்டால் பத்திரிகைகளும் தடுமாறின. அந்நாட்களில் எங்கள் கிண்ணத்தில் வெங்காயம் கிடந்தது.

இப்போது நான்கு வயதுப் பேத்திக்குப் 'பீநட் பட்டர்' ஐஸ்கிறீம் வேண்டுமாம். இறக்குமதிப் போத்தல்கள் பலவற்றில் சீனியும் வேறு எண்ணெயும் கலந்திருப்பதை லேபிளே சொல்லும். நம்மூர்க் கச்சானையே அரைப்பது என்று தீர்மானித்தேன்.

இங்கேதான் நான் பிடிவாதக்காரன். 1960 இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. அஃப்ளரொக்சின் எனப்படும் அந்நஞ்சு ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் முற்றாக அழியாது. கண்டியின் மழைக்காலத்தில் திறந்த சாக்கில் கிடக்கும் கச்சானைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? ஆகவே கோதுடன் வாங்கி, உடைத்து, சுருங்கியவற்றையும் நிறம் மாறியவற்றையும் எறிந்துவிடுகிறேன். வறுத்தபின் கசப்பதும் குப்பைக்கே. அரைக் கிலோவில் ஒரு கைப்பிடி போய்விடும். "பத்திரிகையில் ஒப்புநோக்கிய கண் இதற்காவது உதவுகிறதே" என்பது மனைவியின் விமர்சனம்.

தோல் நீக்கிச் சுளகில் புடைத்து அரைத்தால், முதலில் மாவாகும், பிறகு கட்டியாகும், பொறுமையிருந்தால் எண்ணெய் கசிந்து கூழாகும். பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் என்பதால் கிறீமைக் குறைக்கலாம். கூழ் 150 கிராம், பால் அரை லீற்றர், கிறீம் 200 மில்லிலீற்றர், கித்துள் பாணி 150 மில்லிலீற்றர், ஒரு சிட்டிகை உப்பு. பாணி அதிகமானால் இறுகாது. பாணியிலும் சீனிப்பாகு கலந்து விற்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

அடுத்த வீட்டுச் சிறுவனுக்குக் கொடுக்குமுன், கச்சான் ஒவ்வாமை உண்டா என்று தாயிடம் கேட்டேன். சிலருக்கு அது உயிராபத்து. அவருக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்தது, எனக்கு இல்லை.

கடந்த ஞாயிறு, துடுப்பு சுழன்று பத்தாவது நிமிடத்தில் மின்சாரம் நின்றது. கரண்டியால் வழித்து அப்படியே பரிமாறினோம். பேத்தி அதற்குக் 'கச்சான் கஞ்சி' என்று பெயர் வைத்து, இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டினாள்.