கறுப்புக் காரும் அப்பாவின் துண்டும்

காலை நிகழ்ச்சி என்றால் நாலரை மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் பெட்ரோல் நிலையத்தில் நானும் இரண்டு லோரிக்காரர்களும்தான் இருப்போம். போன மாதம் அப்படி ஒரு விடியலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். கூரை விளக்கின் வெளிச்சம் என் காரின் போனட்டில் விழுந்த இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்கள். சிலந்தி வலை பின்னியது போல. நான் நகர்ந்தால் வலையும் கூடவே நகர்ந்தது.

வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. கறுப்பு நிறம், பழைய கார். விற்ற இடத்தில் பார்த்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. நாங்கள் போனது மழை விட்ட ஒரு மாலை. ஈரமான காரில் கீறல் தெரியாது என்பது அன்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கீறலுக்குள் நிறைந்து அதை மறைத்துவிடும். சில பாலிஷ் பசைகள் செய்வதும் அதே வேலைதான். கீறலை எடுக்காமல் நிரப்பி மூடிவிடும். நாலைந்து முறை கழுவினால் குட்டு வெளிப்பட்டுவிடும். விற்றவரைத் திட்டலாம்தான். ஆனால் அந்த வலையில் பாதி எங்கள் வீட்டு வாசலில் பின்னப்பட்டது.

அப்பா ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். ஞாயிறு காலை தேத்தண்ணி குடித்த கையோடு இறங்கிவிடுவார். ஒரு வாளி, பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய குளியல் துண்டு. முப்பது வருடம் கம்பெனி லோரியைத் தன் சொந்த லோரி போலத் துடைத்த கை அது. நான் ஒருநாளும் கழுவச் சொன்னதில்லை. அவரும் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

கிள்ளானில் பாலிஷ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் காரைக் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, பாலிஷ்னா ஏதோ பூசுறதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பூசுறது இல்லக்கா, சீவுறது” என்றார்.

அதுதான் விஷயம். காரின் கறுப்புச் சாயத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன். நம் தலைமுடியை விட மெல்லியது. இந்த மெல்லிய கீறல்கள் எல்லாம் அந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. கீறலின் அடி மட்டம் வரை சுற்றியுள்ள பூச்சையும் இழைத்துவிட்டால் கீறல் மறைகிறது. ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சு குறைகிறது. குறைந்தது திரும்பாது. முழுவதும் போய்விட்டால் மறுபடி சாயம் அடிப்பதைத் தவிர வழியில்லை.

கீறல்கள் உண்மையில் வட்டமாக இல்லை, எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்குக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. கறுப்புக்கு ஒளிக்கத் தெரியாது.

தம்பி முதலில் ஒரு சின்னக் கருவியை வைத்துக் கதவு கதவாகச் சாயத்தின் தடிமனை அளந்தார். இடது பின்கதவில் மட்டும் எண் இரண்டு மடங்கு காட்டியது. எப்போதோ மறுபடி சாயம் அடித்த கதவு. (இதையும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.) பிறகு முன்கதவில் இருந்த நீளக் கீறலை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். நகம் தட்டி நின்றது. “நகம் மாட்டினா பாலிஷ்ல போகாது. ஓரத்தை மழுங்கடிக்கலாம், அவ்வளவுதான். இதை முழுசா எடுத்துத் தர்றேன்னு சொல்ற கடைக்குப் போகாதீங்க.”

முழு வேலைக்கு 450 வெள்ளி. சிராமிக் பூச்சும் போடலாமா என்று கேட்டேன். தண்ணீர் உருண்டோடும், அழுக்கு சுலபமாகக் கழுவிப் போகும், ஆனால் அழுக்குத் துணியால் தேய்த்தால் அதுவும் கீறும் என்றார். தன் வியாபாரத்துக்கு எதிராகப் பேசுகிறவரை நான் நம்பிவிடுவேன். சாதாரண வெக்ஸ் போதும் என்று முடிவு செய்தேன். நம் வெயிலுக்கும் மழைக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டியிருக்கும், பரவாயில்லை.

சாவியைக் கொடுக்கும்போது கேட்டார்: “வீட்டுல யாருக்கா கழுவுறது?”

சொன்னேன். சிரித்தார். “அப்போ அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்.”

வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசுகிற எனக்கு, அந்த ஒரு விஷயத்தைச் சொல்ல நான்கு நாள் ஆனது. சனிக்கிழமை இரவு இரண்டு வாளி, கார் ஷாம்பு, நுண்ணிழைக் கையுறை எல்லாவற்றையும் வாசலில் வைத்தேன். அப்பா பார்த்தார்.

“ஏன், துண்டுக்கு என்ன?”

விளக்கிப் பார்த்தேன். முதலில் வெறும் தண்ணீரை அடித்து மண்ணை இறக்க வேண்டும், ஒரு வாளியில் சோப்பு, இன்னொன்றில் கையுறையை அலச வேண்டும், துண்டில் ஒட்டிய மணல்தான் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது என்றெல்லாம். அவர் முகம் மாறவில்லை. கடைசியில் கைப்பேசி விளக்கைப் போட்டு, தம்பி பாலிஷ் போடாமல் விட்டிருந்த ஒரு மூலையைக் காட்டினேன். பெட்ரோல் தொட்டி மூடியின் ஓரம். அங்கே பூச்சு மெல்லியது என்பதால் டேப் ஒட்டி விட்டுவிட்டிருந்தார். பழைய வலை அப்படியே இருந்தது.

அப்பா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என் லோரி வெள்ளைம்மா” என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கே தண்ணீர்ச் சத்தம். வெயில் ஏறிய பிறகு கழுவினால் சூட்டில் நீர்த்துளி காய்ந்து திட்டுத் திட்டாகக் கறை விடும்; இதை நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். மைனா எச்சத்தின் மேல் ஈரக் காகிதம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அப்படியே எடுத்ததும் அவர் யோசனைதான். கையுறையை இரண்டாவது வாளியில் அலசினார். முன்கதவுக்கு வந்ததும் அந்த நீளக் கீறலை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“இது நான் போட்டது இல்லை” என்றார் என்னைப் பார்த்து.