ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஊசி: குழந்தைக்குத் தயாராகும் வீடுகள் யோசிக்க வேண்டியது

ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியவர்களுக்கு முகாமில் ஊசி போடும்போது நம் வீடுகளில் யாரும் மறுப்புச் சொல்வதில்லை. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி என்று வரிசையில் நின்று போட்டுக்கொள்கிறோம். அதே இன்ஃப்ளூயன்ஸா ஊசியைக் குழந்தைக்குத் தயாராகும் மருமகளுக்கோ, கர்ப்பிணியாக இருக்கும் மகளுக்கோ மருத்துவர் சொன்னால் மட்டும் தயக்கம் வருகிறது. "வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று யாராவது ஒருவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

உண்மையில் வயதானவர்களைவிட இந்தப் பெண்களுக்குத்தான் ஊசி முதலில் தேவை. 2012-இல் உலக சுகாதார நிறுவனம் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசிக்கு முதல் முன்னுரிமையைக் கர்ப்பிணிகளுக்கே கொடுத்தது. அதற்குக் காரணம் 2009 பன்றிக்காய்ச்சல் அனுபவம். அமெரிக்க மக்கள்தொகையில் அந்தச் சமயம் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம்தான். பதிவான பன்றிக்காய்ச்சல் மரணங்களில் அவர்கள் பங்கு சுமார் 5 சதவீதம். வயிறு பெரிதாகும்போது நுரையீரல் விரிய இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது, நோய் எதிர்ப்பு முறையும் மாறுகிறது. மற்றவர்களுக்கு நாலு நாள் காய்ச்சலாகப் போவது இவர்களுக்கு நிமோனியாவாக மாறலாம்.

நம் பகுதிக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. நாட்டின் பெரும்பகுதியில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உச்சத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் அது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில் கூடுவதைச் சென்னை, வேலூர் தரவுகள் காட்டுகின்றன. இடைசெவல், கயத்தாறு, கோவில்பட்டி சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் விதைப்பு நடக்கும் அதே மாதங்கள். மழைக்கு ஜன்னலை அடைத்த வீடு, ஆட்களை நெருக்கி ஏற்றிவரும் தீப்பெட்டி ஆபீஸ் வேன், பள்ளிக்கூடத்திலிருந்து சளியோடு வரும் பிள்ளைகள். கிருமிக்கு வேறென்ன வேண்டும்? ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் எதிர்ப்பு சக்தி முழுதாக வரும். அதனால் புரட்டாசி பிறக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. தவறிப்போனாலும் அந்த வருடத்தை விட்டுவிட வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவி மாநிலமெங்கும் காய்ச்சல் முகாம் நடத்தியதை மறந்திருக்க மாட்டோம்.

கர்ப்பம் உறுதியான பிறகு போட்டால் போதாதா என்று கேட்கலாம். போடலாம், எந்த மாதத்திலும் போடலாம். ஆனால் மாதவிலக்கு தள்ளிப்போய், பரிசோதனை செய்து, விஷயம் தெரியவருவதற்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்கிவிடும். அந்த வாரங்களில் வரும் கடுமையான காய்ச்சல் நல்லதல்ல என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து கணவர் விடுமுறையில் வரும் மாதம் முன்கூட்டியே தெரிந்த வீடுகளில் இதைத் திட்டமிடுவது எளிது. ரூபெல்லா, சின்னம்மை தடுப்பூசிகளைப் போட்டால் கருத்தரிக்க ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவற்றில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி. ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, காத்திருக்கத் தேவையில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன் போட்ட ஊசி தாயைக் காக்கும். அதன் பலம் மாதங்கள் போகப் போகக் குறையும். குழந்தைக்குப் பாதுகாப்பு போய்ச் சேர, அடுத்த பருவத்தில் கர்ப்பிணியாக இருந்தால் மறுபடியும் போட வேண்டும். பிறந்த ஆறு மாதம் வரை குழந்தைக்கு நேரடியாக ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. தாயிடமிருந்து வரும் எதிர்ப்பு சக்திதான் அதற்குத் துணை. வங்கதேசத்தில் 340 தாய்மார்களைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஃப்ளூ ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக வந்தது. ஆய்வு நடந்தது ஏதோ குளிர் நாட்டில் அல்ல, நம்மைப் போலவே வெயிலும் மழையும் நெரிசலும் உள்ள ஊரில்.

ஹலால் பற்றிய கேள்வி நியாயமானது. மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து சிலவற்றில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது. அது உயிருள்ள கிருமி கொண்டது என்பதால் கர்ப்பிணிக்கு எப்படியும் கொடுக்க மாட்டார்கள். ஊசியாகப் போடும் வகைகளில் பொதுவாக ஜெலட்டின் சேர்ப்பதில்லை. சந்தேகமிருந்தால் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. 2017-இல் தட்டம்மை ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளால் பெற்றோர் எத்தனை பேர் பின்வாங்கினார்கள் என்பதைப் பார்த்தோம். கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, ஃபார்வர்டை நம்புவது வேறு.

பணம்தான் பெரிய தடை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிக்கு டி.டி. ஊசி உண்டு, ஃப்ளூ ஊசி இல்லை. தனியார் மருத்துவமனையில் போட்டால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் ஓடும் வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஒரு தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி செய்யும் அரசு, இந்த ஒரு ஊசியையும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கச் செய்வது பெரிய சுமையாகாது. முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் இருப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஜமாஅத்தார் ஒரு மனு கொடுக்கலாம். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கொடுக்கிறோமே.

ஊசி போட்டாலும் ஃப்ளூ வராது என்று யாரும் உறுதி தர முடியாது. கர்ப்பிணிக்குக் காய்ச்சல், இருமல், உடம்புவலி வந்தால் கஷாயத்தோடு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ஓசல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அதைத் தொடங்கலாம் என்பது மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல். மூச்சுத்திணறல் இருந்தால் இரவானாலும் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு 108-இல் கிளம்பிவிட வேண்டும்.