அண்ணன் பெயரில் வரும் அஞ்சல்

என் அண்ணன் காலமாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் சமீப காலம் வரை அவர் பெயருக்குத் தினமும் இருபது முப்பது கடிதங்கள் வந்துகொண்டிருந்தன என்றால் வாசக அன்பர்கள் நம்பமாட்டீர்கள். அவருடைய மகன் இங்கே ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பும் மின்னஞ்சல்கள் மற்ற கம்பெனிகளில் அவன் அப்பா பெயரில்தான் தெரிந்தன. பதில் போடுகிறவர்களும் அந்தப் பெயரையே விளித்து எழுதினார்கள். "அப்பாவுக்கு இன்னிக்கும் ஓவர்டைம்தான் சித்தப்பா" என்று அவன் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்று விசாரித்தேன். ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவனுக்கு, வண்டி தடம் புரண்டால் முதல் சக்கரம் எந்த இடத்தில் ஏறியது என்று பின்னோக்கி நடந்து தேடுகிற புத்தி போகாது.

நம் வீடுகளில் அப்பா பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும், அவ்வளவுதான். பான் அட்டை விண்ணப்பத்தில் அந்த ஒற்றை எழுத்து செல்லாது, விரித்து எழுத வேண்டும். கடைசிப் பெயர் என்ற கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. ஒற்றைப் பெயர்க்காரர் தம் பெயரையே அதில் எழுதிவிடலாம். நம்மவர் பலர் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். அண்ணன் மகனும் அப்படியே செய்திருந்தான். வேலைக்குச் சேர்ந்தபோது பான் அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். கம்பெனியின் தலைமையகம் வெளிநாட்டில். அவர்கள் முறைப்படி கடைசிப் பெயர் முதலில், ஒரு காற்புள்ளி, பிறகு முதல் பெயர். அப்பா முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கட்டத்தைச் சரியாகத்தான் நிரப்பியிருக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஸ்ரீ சிட்டியைப் போல வாய்த்த ஊர் கிடைக்காது. சென்னைக்கு வடக்கே 55 கிலோமீட்டர் தூரத்தில், தடாவை ஒட்டி, 2008-இல் தொடங்கிய தொழில் நகரம். சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாற்றத்தில் ஆந்திரத்துக்கு வந்தது. 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தமிழரும் தெலுங்கரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்கள். இருவர் பெயருக்கும் முன்னால் ஓர் எழுத்து உண்டு, ஆனால் பொருள் வேறு. மு. கருணாநிதியின் 'மு' தகப்பனார் முத்துவேலர். என்.டி. ராமாராவின் 'என்' நந்தமூரி என்ற குடும்பப் பெயர். தெலுங்கர் அந்த எழுத்தை விரித்துக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுதினால் அது சரியான விடை. தமிழர் எழுதினால் அது இன்னொரு மனிதர்!

ஜப்பானியக் கம்பெனிகளும் இங்கே நிறைய. அவர்கள் மொழியில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது மட்டும் மேல்நாட்டாருக்காகத் திருப்பிப் போட்டு எழுதிவந்தார்கள். 2020 ஜனவரியிலிருந்து ஜப்பான் அரசு தன் ஆவணங்களில் ஆங்கில எழுத்திலும் குடும்பப் பெயரையே முன்னால் எழுதுகிறது. ஓர் அரசாங்கமே இதைப் பொருட்படுத்துகிறது. நாமோ ஓர் அலுவலகப் பதிவேட்டைத் திருத்தச் சொல்லக் கூச்சப்படுகிறோம்.

மின்னஞ்சலில் அனுப்புநர் என்பது இரண்டு துண்டு. ஒன்று முகவரி, மற்றது பக்கத்தில் தெரியும் பெயர். பதில் வந்து சேர்வது முகவரியை வைத்துத்தான். பெயர் வெறும் எழுத்து, தபால் உறையின் மூலையில் நாம் எழுதுவது போல. 1982-இல் வகுத்த விதியிலும் இப்படித்தான், இன்றைக்கும் இப்படித்தான். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்று இப்போது சோதனைகள் வந்திருக்கின்றன. அவை கடிதம் எந்த நிறுவனத்தின் பெயரால் வருகிறதோ அதற்கு உரிய இடத்திலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும். ஆளின் பெயர் மெய்யா என்று பார்க்காது. மேலாளர் பெயரைப் போட்டு, 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இதில் கட்டுங்கள்' என்று எழுதுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். இந்த வகை மோசடியில் 2023-இல் மட்டும் போன தொகை 290 கோடி டாலருக்கு மேல் என்பது அமெரிக்க எஃப்.பி.ஐ. கணக்கு. தப்பான பெயரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், திருடன் போட்ட பெயரையும் அப்படியே தாண்டிப் போய்விடும்.

ரயில்வேயில் இதற்குப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. வேலைக்காகத் தடத்தை அடைக்கும்போதோ கேட்டை மூடியதாகச் சொல்லும்போதோ, வாய்ச்சொல்லோடு ஒரு பிரைவேட் நம்பர் கொடுக்க வேண்டும். அச்சிட்ட தாளிலிருந்து ஓர் எண். சொன்னதும் அடித்துவிட வேண்டும், மறுபடி உதவாது. இருபது வருடம் பழகிய குரலாக இருந்தாலும் சரி, எண் இல்லாமல் எவரும் அசையமாட்டார்கள். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை.

சரி, திருத்தம் எப்படி நடந்தது? முதலில் "பான் அட்டையை மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றார்களாம். தேவையே இல்லை. கம்பெனிகளின் பெயர்ப் பதிவேட்டில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் தனி. வெளியே காட்டும் பெயர் தனிக் கட்டம். சம்பளக் கணக்கைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். கணினிப் பிரிவில் ஒரு தெலுங்குப் பையன் இதை எடுத்துச் சொல்லி, மேலதிகாரியின் ஒப்புதலை வாங்கி, அரை மணியில் மாற்றிக் கொடுத்தான்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. எதிர்க் கம்பெனிகளின் கணிப்பொறிகள் பழைய பெயரை முகவரியோடு சேமித்து வைத்திருந்தன. அங்கிருந்து வரும் பதிலில் மறுபடியும் அண்ணன். நகல் போகும் பத்துப் பேருக்கும் அண்ணன். அதைவிட விசேஷம், சென்னையில் உள்ள ஒரு சப்ளையர் கம்பெனியின் கணக்குப் பிரிவு அம்மா, "இத்தனை நாள் வேற பேர்ல எழுதினீங்க, இப்போ பேர் மாறி வருதே, நீங்கதானா சார்?" என்று போன் செய்து கேட்டாராம். அவன் சொந்தப் பெயரே போலி போலத் தெரிந்திருக்கிறது! அந்த அம்மா செய்தது மிகச் சரி. பில் தொகை அனுப்புகிறவர்கள் எல்லாரும் இப்படித் தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டால் பாதித் திருடன்கள் பிழைப்பு போய்விடும். முன்கூட்டியே எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரு வரி எழுதி, பழைய பதிவை அழிக்கச் சொல்லாதது இவன் தவறுதான்.

நம் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே "என் பெயர் இது, அது என் தகப்பனார் பெயர்" என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. "எப்படிக் கூப்பிட்டால் என்ன" என்று மூன்று வருடம் இருந்துவிட்டான். அதைப் பெருந்தன்மை என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணன் பெயரைத் திதியன்று சொல்கிறோம், சங்கற்பத்தில் சொல்கிறோம். இரும்புத் தகட்டுக்கு விலை கேட்கும் கடிதத்தில் அது எதற்கு?

இப்போது ஒரே ஒரு கம்பெனியில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன் சித்தப்பா" என்றான்.