ஊர்ப்பேச்சுக்குத் திரும்பிய இயக்குநர்

இயக்குநர்களின் தொழில்வாழ்க்கையை ஏணியாக எழுதுவது நமக்குப் பழகிப்போன ஒன்று: குறும்படம், தொலைக்காட்சி, இறுதியில் வெள்ளித்திரை. ஜெர்மானிய இயக்குநர் எட்கர் ரைட்ஸின் வாழ்க்கை இந்த ஏணியைப் பொய்யாக்குகிறது.

1932இல் ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பழைய சினிமா இறந்துவிட்டதென அறிவித்த 1962ஆம் ஆண்டின் ஓபர்ஹவுசன் அறிக்கையில் கையொப்பமிட்ட 26 பேரில் இவரும் ஒருவர். 1967இல் முதல் கதைப்படத்துக்கு வெனிஸ் விழாவில் விருது பெற்றார். 1978இல் வந்த 'உல்ம் நகரத் தையற்காரர்', 1811இல் டான்யூப் ஆற்றைப் பறந்து கடக்க முயன்று நீரில் விழுந்தவரின் கதை. படமும் அவ்வாறே விழுந்தது.

அதன்பின் ரைட்ஸ் பெரிய சந்தையைத் தேடிச் செல்லவில்லை. பிறந்த மண்ணுக்கும் தொலைக்காட்சிக்கும் திரும்பினார். 1984இல் வெளிவந்த 'ஹைமாட்' 11 பகுதிகளும் 15 மணி நேரத்துக்கும் மேலான நீளமும் கொண்டது. ஷாபாக் என்னும் கற்பனைச் சிற்றூரின் 1919 முதல் 1982 வரையிலான வாழ்வைச் சொல்வது. மாந்தர்கள் பேசுவது ஹுன்ஸ்ரூக் வட்டார வழக்கு. உள்ளூர் மக்கள் பலரும் நடித்தனர். நகைச்சுவைக்கென ஒதுக்கப்பட்டுவந்த ஊர்ப்பேச்சு அங்கே வரலாற்றைச் சுமக்கும் மொழியாயிற்று. 1992இல் வந்த இரண்டாம் தொடர் 13 பகுதிகள் கொண்டது. அதன் நாயகன் ஹெர்மன் இசை பயில மியூனிக் செல்லும் கிராமத்து இளைஞன். நகரில் அவன் முதலில் மறைக்க விரும்புவது தன் பேச்சைத்தான்.

இதைக் கொண்டாட்டமாக மட்டும் முடித்துவிட மனம் ஒப்பவில்லை. யூத இனப்படுகொலைக்கு 'ஹைமாட்'டில் போதிய இடமில்லை என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அது நியாயமானது என்றே கருதுகிறேன். தாய்வழக்கின் வெதுவெதுப்பு அண்டை வீட்டாரை நமக்கு நெருக்கமாக்குகிறது. அவர்கள் பேசாது விட்டதையும் இயல்பாக்கிவிடுகிறது. வட்டார வழக்கு உண்மையின் மொழி என நம்பும் மொழியியல் மாணவர்கள் (நானும் அவர்களுள் ஒருவன்) இந்த எச்சரிக்கையை ஏற்கத்தான் வேண்டும். ஒரு மொழியில் பதிவானவற்றோடு அதன் மௌனங்களையும் தரவாகக் கொள்ள வேண்டும்.

ஆயினும் ரைட்ஸின் பாதை நம்மை ஒரு கேள்வியின் முன் நிறுத்துகிறது. தோல்வியுற்ற ஆய்வாளர் எவரேனும் தம் ஊருக்கும் ஊர்மொழிக்கும் திரும்பினால், நம் துறைகள் அதை வளர்ச்சி என்று கணக்கில் எழுதுமா, பின்வாங்கல் என்று எழுதுமா?