சுவரைத் தட்டிப் பார்த்தீர்களா?

புடவைக் கடையில் முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, சாயம் போகுமா என்று நாலு தரம் கேட்டுத்தானே வாங்குகிறோம்? வீடு விஷயத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனையிலேயே மயங்கி விடுகிறோம். நானும் அப்படி மயங்கியவள்தான். 1994-ல், என் இரட்டை வடச் சங்கிலியை விற்று வாங்கிய வீட்டில், ஆறாம் மாதம் சமையலறைக் கூரைப் பூச்சு பெயர்ந்து அடுப்பின் மேலேயே விழுந்தது. நல்ல வேளை, நான் அப்போது வாசலில் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்!

அதனால்தான், போன வருஷம் என் நாத்தனார் வேளச்சேரியில் ஒரு பழைய ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியபோது குறுக்கே நின்றேன்.

"வக்கீல் மூலப் பத்திரம், வில்லங்கம் எல்லாம் பாத்துட்டாரு. பேங்க்லேர்ந்தும் ஆள் வந்து பாத்தாச்சு. இன்னும் என்ன அண்ணி?" என்றாள்.

வக்கீல் பார்ப்பது காகிதத்தை. பாங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதை. குளியலறை ஒழுகுமா என்பது அவர் கவலை இல்லை. அவள் போடப்போவதோ கணவரின் பி.எஃப். பணம் முழுவதும். தெரிந்த ஒரு சிவில் எஞ்சினீயரை 5,000 ரூபாய்க்குப் பேசி, மழை விட்ட மறுநாளாகப் பார்த்து அழைத்துப் போனேன். ஓதம் தன்னைக் காட்டிக் கொள்ளும் நாள் அதுதானே!

மனிதர் பேசவே இல்லை. சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனார். குளியலறையில் 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம். மாடி வீட்டுத் தண்ணீர் கசிந்து உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறதாம். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்குமாம். அதனால் கம்பி பருத்து, கான்கிரீட்டையே வெடிக்க வைத்துவிடும் என்றார். மேலே பெயிண்ட் அடித்தால் மறையும், தீராது. தீர வேண்டுமானால் மாடி வீட்டுக்காரரின் தரையை உடைக்க வேண்டும். அவர் சம்மதிக்க வேண்டுமே!

அப்புறம் கீழே போய் மீட்டர் பெட்டியைப் பார்த்தார். பழைய இடத்திலிருந்து மேலே தூக்கி மாட்டிய அடையாளம் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எதுவரை தண்ணீர் வந்தது என்று வாட்ச்மேனைக் கேட்டார். அவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். புரோக்கர் இதை மூச்சே விடவில்லை, பாருங்கள்!

புது ஃப்ளாட் என்றால், 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, அதன் கீழ் வரும் திட்டங்களில், சாவி கொடுத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். கை மாறி வரும் பழைய வீட்டுக்கு யாரைப் போய்க் கேட்பது? ஆகவே, அட்வான்ஸுக்கு முன்பே ஆளை அழையுங்கள். கண்டதைப் படத்தோடு எழுத்தில் வாங்குங்கள். விலை பேச அது உதவும்.

நாத்தனார் விஷயத்தில் விலை குறையவில்லை. மாடி வீட்டுக்காரர் கதவையே திறக்காததால் அந்த வீட்டை விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை அவள். இப்போது மேடவாக்கம் பக்கம் பார்க்கிறார்கள். எஞ்சினீயருக்கு அவளே போன் செய்துவிட்டாள். அது மட்டுமா? போகிற வீட்டில் எல்லாம் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறாளாம். கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்தில்கூட!