பச்சை எரிந்தால் போதுமா?

இந்த முறை கொஞ்சம் வயரும் மின்குமிழும் பற்றிய கதை.

இரண்டு கிழமையாக எங்கட சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. மூன்று சின்ன மோட்டார், மூன்று மைக்ரோகன்ட்ரோலர், நிறம் மாறும் மூன்று மின்குமிழ், ஒரு ராஸ்பெரி பை. "இந்தத் தொழிற்சாலையை எப்ப மூடுவீங்கள்?" என்று மனைவி கேட்டுவிட்டார். வேலையிடத்துக்கு வருகிறவர்களுக்கு 'டிஜிட்டல் இரட்டை' என்றால் என்னவென்று ஐந்து நிமிடத்தில் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மகளுக்குப் பத்து வயது. "அப்பா, அது என்ன இரட்டை?" என்றாள்.

"மெசினுக்கு கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சோடி. உண்மையான மெசினுக்கு என்ன நடந்தாலும் சோடிக்கு உடனே தெரியவேணும்."

வெறும் வரைபடம் இரட்டை ஆகாது. இரண்டுக்கும் இடையில் தகவல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் மைக்கேல் கிரீவ்ஸ் 2002இல் முன்வைத்த எண்ணம் இது. பெயர் 2010 அளவில் நாசா வழியாகப் பரவியது.

சரி, எந்த மெசினைக் காட்டுவது? எசனில் இருந்துகொண்டு வேறென்ன, பம்ப்தான். சொல்ஃபரைன் சுரங்கத்துக்கு நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். 1932இல் திறந்த அதன் 12ஆம் குழியில் 1986இல் வேலை நின்றது. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பக்கத்து பொட்ரொப் நகரில் ஜேர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. நிலக்கரி முடிந்தது, தண்ணீர் முடியவில்லை. கீழே தோண்டி எடுத்ததால் எசனில் சில இடங்களில் நிலம் 20 மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. மழைத்தண்ணீரைப் பம்ப் பண்ணி வெளியேற்றாவிட்டால் ரூர் பகுதியின் தாழ்ந்த இடங்கள் குளமாகிவிடும். ஆழத்திலுள்ள சுரங்கத் தண்ணீரும் மேலே வந்து குடிதண்ணீரோடு கலக்கக் கூடாது. ஜேர்மன்காரர் இதை 'என்றென்றைக்குமான கடமை' என்கிறார்கள். 2019இலிருந்து இதற்கான செலவைக் கொடுக்கும் ஆர்ஏஜி அறக்கட்டளையின் அலுவலகமும் சொல்ஃபரைன் வளாகத்தில்தான் இருக்கிறது.

நிறுத்தவே முடியாத பம்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க முடியாது. அதனால்தான் தூரத்தில் இருந்து பார்க்க ஒரு சோடி தேவை.

மேசையில் செய்தது இதுதான். ஒவ்வொரு மோட்டாரோடும் ஒரு ஈஎஸ்பி32 பலகை, ஒரு வெப்பமானி. பலகை இரண்டு செக்கனுக்கு ஒருமுறை வைஃபை வழியாகத் தன் நிலையைச் சொல்லும். ராஸ்பெரி பையில் ஓடுகிற மொஸ்கிட்டோ என்ற மென்பொருள் அதை வாங்கி, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கும். அவர்கள் பேசும் முறைக்குப் பெயர் எம்க்யூடிடி. எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க 1999இல் உருவானது. மடிக்கணினியில் இருக்கும் இரட்டை செய்தியைப் படித்து மின்குமிழுக்கு நிறம் சொல்லும். ஓடினால் பச்சை, சூடேறினால் மஞ்சள், பழுதென்றால் சிவப்பு.

எல்லாம் அழகாக எரிந்தது. மகள் வந்து இரண்டாவது பம்பின் யூஎஸ்பி வயரைப் பிடுங்கினாள்.

"அப்பா, பம்ப் நிண்டிட்டுது. லைற் இன்னும் பச்சை!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதுகலைப் பட்டம், பத்து வருட அனுபவம், இருந்தும் இதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. கடைசியாக வந்த செய்தியை மொஸ்கிட்டோ ஞாபகத்தில் வைத்திருக்கும்படி நானே அமைத்திருந்தேன். பலகை செத்த பிறகும் "நல்லா ஓடுது" என்ற பழைய செய்தியே நின்றது. மேசையில் சிரிப்பு. உண்மையான பம்ப் என்றால் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், மேலே பச்சை எரிந்துகொண்டிருக்கும்.

திருத்தம் இரண்டு. எம்க்யூடிடியில் மரணசாசனம் மாதிரி ஒன்று உண்டு. "என் சத்தம் நின்றால் இதை எல்லோருக்கும் சொல்லு" என்று பலகை இணையும்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் இணைப்பு உயிரோடு இருக்க, வெப்பமானி மட்டும் உறைந்துபோனால் இது உதவாது. அதனால் ஒவ்வொரு அளவீட்டோடும் எடுத்த நேரத்தையும் அனுப்பினேன். பத்து செக்கனுக்கு மேல் பழசென்றால் மின்குமிழ் ஊதாவாகும். சிவப்பில்லை. சிவப்பு என்றால் பழுது என்று தெரியும். ஊதா என்றால் ஒன்றும் தெரியாது, போய்ப் பார்.

மகள் ஆறு தடவை வயரைப் பிடுங்கிச் சோதித்தாள். ஆறு தடவையும் ஊதா.

மற்ற நாள் பின்னேரம் வழக்கம்போலக் கேட்டேன். "பள்ளிக்கூடம் எப்பிடி?"

"நல்லம்."

ஐந்தாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அதே "நல்லம்" தான். சாப்பாட்டுப் பெட்டி பாதி நிறைந்தபடி திரும்பி வருவதை மனைவி இரண்டு முறை சொன்னார். நான் பச்சையைப் பார்த்துவிட்டு இருந்துவிட்டேன்.

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு மெல்லமாக, "ஊதா" என்றாள்.

இஞ்ச நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து வேறு வேறு பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். அவளுடைய சிநேகிதி வேறிடம் போய்விட்டாள். இடைவேளைக்கு இவள் நூலகத்தில் போய் இருக்கிறாளாம். "அழேல்லை. ஆனா ஆரோட கதைக்கிறது எண்டு தெரியேல்லை."

என்னிடம் தீர்வு இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தேன். அடுத்த கிழமை வகுப்பாசிரியரோடு கதைத்தோம். சிநேகிதியைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டோம். இன்னும் எல்லாம் சரியாகவில்லை.

ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் எங்கட அப்பா அம்மாவும் "நாங்கள் இஞ்ச நல்லா இருக்கிறம்" என்றுதான் சொன்னார்கள். இரவு வேலை முடித்து வந்த அலுப்போடும் அதேதான். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கட பிள்ளைகளும் சொல்லாமலே அதைப் படித்துக்கொள்கிறார்கள்.

இப்போது நான் "எப்பிடி?" என்று கேட்பதில்லை. "இண்டைக்கு இடைவேளைக்கு எங்க நிண்டனீங்கள்?" என்று கேட்கிறேன். அதற்குப் பழைய பதிலைச் சொல்ல முடியாது. "ஊதா" என்றும் சொல்லலாம், சொன்னால் நான் உடனே புத்தி சொல்ல மாட்டேன் என்பது எங்கட ஒப்பந்தம்.

வேலையிடத்தில் காட்டியபோது, வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி ஊதாவைப் பற்றித்தான். அதைக் கண்டுபிடித்தது மகள் என்று சொன்னேன்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஒரு ஈஎஸ்பி32, ஒரு வெப்பமானி போதும். யூஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் செய்யுங்கள், சுவர் மின்சாரத்தில் பிள்ளைகளைக் கை வைக்க விடாதீர்கள். செய்து முடித்ததும் வயரைப் பிடுங்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.